வைகாசியில் போக, கார்த்திகையில் மனு

(கல்லூரியில் படிக்கும் பெண் பிள்ளைகளின் தாய்மார்களுக்காக, நல்லம்பள்ளி வட்டாரக் கூட்டமைப்புக் கூட்டத்தில் நாங்கள் பேசியது. வர முடியாத உறுப்பினர்களும் படிப்பதற்காக இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



வழக்கமா இந்தக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், தவணை என்று பேசுவோம். இன்றைக்கும் கணக்கு பற்றித்தான் பேசப்போகிறோம். ஆனால் இது வரவு செலவுக் கணக்கு இல்லைங்க. நம்ம பொண்ணுங்க காலேஜில் பி.எஸ்.சி. கணிதம் என்று சேர்ந்து படிக்கிறார்களே, அந்தக் கணக்கு.

நம்ம மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. தமிழ்நாட்டிலேயே மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் முதன்முதலில் தொடங்கியது 1989ல், நம்ம தருமபுரி மாவட்டத்தில்தான். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியம் கொடுத்த உதவியில் நடந்தது. அப்போது சேர்ந்த அம்மாக்கள் பல பேர் கைநாட்டு வைத்துத்தான் சேர்ந்தார்கள். பேங்க் வாசலை மிதிக்கவே பயந்தார்கள். இன்றைக்கு அந்த அம்மாக்களின் பேத்திகள் தருமபுரி அரசு கலைக் கல்லூரியிலும், பைசுஅள்ளி பெரியார் பல்கலைக்கழக மையத்திலும், இன்னும் பல கல்லூரிகளிலும் படிக்கிறார்கள். அவ்வளவு தூரம் வந்துவிட்டோம்.

சரி, பொண்ணு இரண்டாவது வருஷம் முடிக்கிறாள். மே மாதம் லீவு விடுகிறார்கள். அந்த இரண்டு மாதத்தில் அவள் என்ன செய்கிறாள்? பூ பறிக்கப் போகிறாள், தக்காளி கூடை தூக்குகிறாள், கம்பெனி வேலைக்கு ஓசூர் பக்கம் போகிறாள். தப்பு ஒன்றும் இல்லை, குடும்பத்துக்குக் காசு வேண்டும். இன்னொன்றும் நடக்கிறது. அதே இரண்டு மாதத்தில்தான் நாம் ஜாதகத்தை வெளியே எடுக்கிறோம். "சும்மாதானே இருக்கா, ஒரு இடம் வந்திருக்கு" என்று பேச்சு ஆரம்பிக்கிறது.

அதே கோடையில், நாட்டின் பெரிய பெரிய கணித நிறுவனங்கள் பி.எஸ்.சி. படிக்கிற பிள்ளைகளைக் கூப்பிட்டு, தங்க இடம் கொடுத்து, சாப்பாடு போட்டு, சொல்லிக் கொடுக்கின்றன. இது நமக்குத் தெரிவதில்லை. தெரிய வரும்போது மனு போடும் நாள் முடிந்துபோகிறது. அதைப் பற்றிப் பேசத்தான் இன்றைக்கு வந்திருக்கிறோம்.

கணக்கில் என்ன ஆராய்ச்சி?

"ஆராய்ச்சி என்றால் குழாயில் மருந்து ஊற்றிப் பார்ப்பது. கணக்கில் என்ன ஆராய்ச்சி? விடைதான் புத்தகத்தின் பின்னாடியே இருக்கே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம்ம வாசலில் இருந்தே பதில் சொல்கிறோம்.

மார்கழியில் புள்ளி வைத்துக் கம்பிக் கோலம் போடுகிறோம். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே ஒவ்வொரு இடத்திலும் கம்பி ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போய், ஓரத்தில் மட்டும் வளைந்து திரும்பும் கோலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசைக்கு 4 புள்ளியாக 3 வரிசை வைத்தால், கையை எடுக்காமல் ஒரே கம்பியில் கோலம் முடிந்துவிடும். வரிசைக்கு 4 புள்ளியாக 4 வரிசை வைத்தால் முடியாது, தனித்தனியாக 4 கம்பி வரும். வரிசைக்கு 6 புள்ளியாக 4 வரிசை வைத்தால் 2 கம்பி வரும். வீட்டுக்குப் போய் நோட்டில் போட்டுப் பாருங்கள்.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. 4ஐயும் 6ஐயும் மீதி இல்லாமல் வகுக்கிற பெரிய எண் எது? 2. கம்பியும் 2. 3ஐயும் 4ஐயும் வகுக்கிற பெரிய எண் 1. கம்பியும் ஒன்றுதான். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் மீப்பெரு பொதுக் காரணி என்று படிப்பது இதைத்தான். "பத்துக் கோலம் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது" என்பதோடு கணிதம் நிற்காது. எத்தனை புள்ளி வைத்தாலும் இப்படியே வரும், ஏன் வரும் என்று சந்தேகமில்லாமல் காட்ட வேண்டும். அந்த "ஏன்" என்கிற கேள்வியோடு நாள்கணக்கில் உட்காருவதுதான் கணித ஆராய்ச்சி.

இது நாங்களாகச் சொல்லும் கதை இல்லை. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் என்ற மூன்று பேர் கோலத்தை வைத்தே 1974ல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். சொற்களைச் சேர்க்க இலக்கணம் இருப்பது போல, கோலத்தின் துண்டுகளைச் சேர்க்கவும் இலக்கணம் எழுதலாம், அதைக் கம்ப்யூட்டருக்கும் சொல்லிக் கொடுக்கலாம் என்று காட்டினார்கள். அந்த மூவரில் இரண்டு பேர் பெண்கள். நம் பாட்டிமார் அரிசி மாவில் போட்டதை உலகம் படிக்கிற ஆராய்ச்சி ஆக்கினார்கள்.

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறோம். கோடையில் போகிற பிள்ளை இரண்டு மாதத்தில் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவாள் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஒரு பாடத்தை ஆழமாகப் படிப்பாள். நிரூபணத்தை மனப்பாடம் செய்யாமல் தானே போட்டுப் பார்ப்பாள். கரும்பலகை முன்னால் நின்று, நாலு பேர் கேள்வி கேட்க, பதில் சொல்லப் பழகுவாள். நம்ம பொண்ணுங்க பல பேர் மார்க் நிறைய வாங்குகிறார்கள், வாய் திறந்து கேள்வி கேட்கத்தான் கூச்சப்படுகிறார்கள். அந்தக் கூச்சம் போவதற்கே இது உதவும்.

எங்கெங்கே நடக்கிறது?

முதலில் சொல்ல வேண்டியது எம்.டி.டி.எஸ். கணிதப் பயிற்சி மற்றும் திறன் தேடல் திட்டம் என்று தமிழில் சொல்லலாம். பேராசிரியர் குமரேசன் என்பவர் 1993ல் தொடங்கினார். தேசிய உயர் கணித வாரியம் என்ற மத்திய அரசு அமைப்பின் நிதி உதவியோடு வளர்ந்தது. கோடையில் சுமார் நாலு வாரம் நடக்கும் முகாம். ஒவ்வொரு வருஷமும் நாட்டின் வெவ்வேறு ஊர்களில் உள்ள கல்வி நிறுவனங்களில் நடக்கும். பி.எஸ்.சி. இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு, எம்.எஸ்.சி. முதலாண்டு என்று மூன்று படிகளாகப் பிரித்துப் பாடம் நடத்துவது இதன் வழக்கம். இங்கே வாத்தியார் பேசிக்கொண்டே போக மாட்டார். கேள்வி கேட்பார், பிள்ளைகள் பதில் தேட வேண்டும். சின்ன ஊர்க் கல்லூரிப் பிள்ளைகளுக்கு முதல் முயற்சியாக இதைத்தான் நாங்கள் சொல்வோம்.

இரண்டாவது, மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டம். பெங்களூருவில் உள்ள இந்திய அறிவியல் அகாடமி, புதுதில்லியில் உள்ள இந்திய தேசிய அறிவியல் அகாடமி, பிரயாக்ராஜில் உள்ள தேசிய அறிவியல் அகாடமி, இந்த மூன்றும்தான் அவை. தேர்வாகும் பிள்ளை சுமார் இரண்டு மாதம் ஒரு பேராசிரியரின் கீழ் வேலை செய்வாள். உதவித்தொகையும் உண்டு. இயற்பியல், வேதியியல், உயிரியல் பிள்ளைகளும் இதில் போடலாம். மனுவில் எந்தப் பேராசிரியரிடம் வேலை செய்ய விருப்பம் என்றும் குறிப்பிடலாம்.

மூன்றாவது, சென்னையிலேயே இரண்டு இடம். தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. அல்லாடி ராமகிருஷ்ணன் முயற்சியால் 1962ல் தொடங்கியது. சிறுசேரியில் சென்னை கணிதவியல் கழகம் இருக்கிறது. சி.எஸ். சேஷாத்ரி என்ற கணித மேதை 1989ல் தொடங்கியது. இரண்டு இடத்திலும் கோடையில் மாணவர்களை எடுப்பது உண்டு. இடம் கொஞ்சம், போட்டி அதிகம். ஆனாலும் மனு போடுவதற்குத் தடை இல்லை.

இவை தவிர மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், பிரயாக்ராஜில் ஹரீஷ் சந்திரா ஆராய்ச்சி நிறுவனம், பல ஐ.ஐ.டி.கள், ஐசர் என்று சொல்லும் அறிவியல் கல்வி நிறுவனங்கள் என்று பட்டியல் நீளும். இவற்றில் சில எம்.எஸ்.சி. படிப்பவர்களை மட்டும் எடுக்கும், சில இறுதியாண்டு மாணவர்களை மட்டும் எடுக்கும். ஒரு வருஷம் நடத்தியவர்கள் அடுத்த வருஷம் நடத்தாமலும் விடலாம். ஆகவே "யார் மனு போடலாம்" என்ற வரியை முதலில் படிக்கச் சொல்லுங்கள்.

இன்டர்நெட்டில் தேடினால் அமெரிக்காவில் ஆர்.இ.யு. என்று நிறைய வரும். அந்த நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987 முதல் பணம் கொடுத்து நடத்தும் திட்டம் அது. அதில் பெரும்பாலான இடங்கள் அந்த நாட்டுக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கும்தான். அதைப் பார்த்து ஏங்கி நாளைக் கழிக்க வேண்டாம். நம் நாட்டிலேயே இத்தனை இருக்கிறது.

மனு எப்போது போட வேண்டும்?

இதுதான் இன்றைய பேச்சில் முக்கியமான இடம். கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கடலை விதைக்க வேண்டிய மாதத்தில் விதைக்காமல், பக்கத்துக் காட்டில் கடலை பிடுங்கும்போது விதை தேடினால் என்ன ஆகும்? கோடைத் திட்டத்திலும் அதேதான். முகாம் நடப்பது மே, ஜூன் மாதம். மனு வாங்குவது அதற்குப் பல மாதம் முன்னால். லீவு விட்ட பிறகு விசாரித்தால் எல்லா வாசலும் சாத்தியிருக்கும்.

நம்ம மாதக் கணக்கில் சொல்கிறோம். சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஆவணி, புரட்டாசி: பொண்ணு தன் கணிதப் பேராசிரியரிடம் போய், "கோடைத் திட்டத்துக்குப் போட ஆசை" என்று சொல்லி வைக்கணும். சொந்தமாக ஒரு மின்னஞ்சல் முகவரி தொடங்கணும். மதிப்பெண் பட்டியல்களை ஸ்கேன் செய்து வைக்கணும்.

ஐப்பசி, கார்த்திகை: மூன்று அகாடமிகளின் திட்டத்துக்கு மனு போடும் காலம். வழக்கமாக நவம்பர் கடைசியோடு முடிந்துவிடும்.

மார்கழி, தை, மாசி: எம்.டி.டி.எஸ்., சென்னை நிறுவனங்கள், மற்ற இடங்களின் அறிவிப்புகள் பெரும்பாலும் இந்த மாதங்களில் வரும். வாரம் ஒரு முறையாவது அந்தந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தைப் பார்க்கணும்.

பங்குனி, சித்திரை: தேர்வானவர்களுக்குத் தகவல் வரும். மின்னஞ்சலில்தான் வரும். "வருகிறேன்" என்று குறித்த நாளுக்குள் பதில் போடாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

வைகாசி, ஆனி: முகாம்.

நாள் வருஷத்துக்கு வருஷம் முன்னே பின்னே மாறும். அந்த வருஷத்து அறிவிப்பில் இருக்கும் தேதிதான் சரியான தேதி. இன்னொன்றும் கவனிக்கணும். பல்கலைக்கழக செமஸ்டர் பரீட்சை சில சமயம் மே மாதம் வரைக்கும் போகும். முகாம் நாளோடு மோதினால், மறைக்காமல் முன்கூட்டியே அந்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்கணும்.

மனுவில் என்னென்ன கேட்பார்கள்?

முதலில் காகிதங்கள். பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியல், இதுவரை முடித்த செமஸ்டர் மதிப்பெண்கள், கல்லூரியில் படிக்கிறாள் என்ற சான்று, போட்டோ, ஆதார், அவள் பெயரிலேயே பேங்க் கணக்கு. எல்லா இடத்திலும் எல்லாமும் கேட்பதில்லை. ஆனால் தயாராக இருக்கணும். நம்ம ஊரில் ஒரு தொந்தரவு என்னவென்றால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், மார்க் ஷீட்டில் இனிஷியல் மட்டும் இருக்கும், பேங்க் புத்தகத்தில் இனிஷியல் பின்னால் போயிருக்கும். உதவித்தொகை வரும்போது இது முட்டுக்கட்டை போடும். இப்போதே இ-சேவை மையத்தில் சரி செய்துவிடுங்கள்.

இரண்டாவது, "ஏன் வர விரும்புகிறாய்" என்று பிள்ளை எழுத வேண்டிய பகுதி. ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும். இங்கேதான் நிறைய மனுக்கள் அடிபடுகின்றன. "எனக்குச் சின்ன வயதிலிருந்தே கணக்கு பிடிக்கும், நான் கடின உழைப்பாளி" என்று ஆயிரம் பேர் எழுதுவார்கள். படிக்கிறவருக்கு அந்தப் பிள்ளையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதற்குப் பதில், தான் செய்து பார்த்த ஒரு விஷயத்தை எழுதச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு இப்படி: "2ன் வர்க்கமூலத்தைப் பின்னமாக எழுத முடியாது என்ற நிரூபணத்தை வகுப்பில் படித்தேன். அதே வழியில் 3க்குச் செய்து பார்த்தேன், வந்தது. 4க்கு அது வரக்கூடாது, ஏனென்றால் 4ன் வர்க்கமூலம் 2. அப்படியானால் நிரூபணத்தில் எந்த வரி 4க்கு உடைகிறது என்று தேடினேன்." ஐந்தே வரி. ஆனால் இந்தப் பிள்ளை தானாக யோசிக்கிறாள் என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும். ஆங்கிலம் எளிமையாக இருந்தால் போதும். அடுத்தவர் எழுதியதைப் பார்த்து எழுதினால் மாட்டிக்கொள்வாள்.

மூன்றாவது, பேராசிரியர் கொடுக்கும் பரிந்துரைக் கடிதம். பல இடங்களில் இதைப் பேராசிரியரே நேராக அனுப்ப வேண்டும், பிள்ளை கையில் கொடுக்கக் கூடாது. கடைசி நாளுக்கு முந்தின நாள் போய், "சார், ஒரு லெட்டர் வேணும்" என்று நின்றால், அவர் "நல்ல பிள்ளை, ஒழுக்கமானவள்" என்று இரண்டு வரி எழுதுவார். மூன்று வாரம் முன்னாலேயே கேட்டு, என்ன திட்டம், என்ன தேதி, தான் என்னென்ன படித்திருக்கிறாள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், அவரும் அக்கறையாக எழுதுவார். வகுப்பில் கேள்வி கேட்கிற பிள்ளையைத்தான் அவருக்கு ஞாபகம் இருக்கும். அதனால்தான் ஆவணியிலேயே போய்ப் பேசச் சொல்கிறோம்.

ஒரே இடத்துக்குப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம். நாலு, ஐந்து இடத்துக்குப் போடணும். கிடைக்காவிட்டால் அடுத்த வருஷம் திரும்பப் போடணும்.

தாய்மார்கள் கேட்கிற கேள்விகள்

பணம் எவ்வளவு ஆகும்? பல திட்டங்களில் தங்குமிடம், சாப்பாடு அவர்கள் செலவு. சிலவற்றில் ரயில் சார்ஜும் தருகிறார்கள், சிலவற்றில் மாத உதவித்தொகை உண்டு. சில இடங்களில் சின்னதாகப் பதிவுக் கட்டணம் கேட்கலாம். எல்லாம் அறிவிப்பிலேயே எழுதியிருக்கும். ஆனால் பணம் பெரும்பாலும் பின்னால்தான் வரும். முதலில் டிக்கெட்டுக்கும் கைச்செலவுக்கும் நாம்தான் போடணும்.

ஏமாற்று இருக்குமா? இருக்கும். "இன்டர்ன்ஷிப் தருகிறோம், பணம் கட்டுங்கள், சான்றிதழ் வீட்டுக்கு வரும்" என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். இன்றைக்கே கட்டு என்று அவசரப்படுத்தினால் சந்தேகப்படுங்கள். எதுவாக இருந்தாலும் கல்லூரிக் கணிதத் துறையில் காட்டிக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பொண்ணை எப்படித் தனியாக அனுப்புவது? கேட்க வேண்டிய கேள்விதான், வெட்கப்படாமல் கேளுங்கள். பெண்களுக்குத் தனி விடுதி உண்டா, விடுதிப் பொறுப்பாளர் யார், ராத்திரி எந்த நேரத்துக்குக் கதவு சாத்துவார்கள், அவசரத்துக்கு எந்த நம்பர் என்று மின்னஞ்சலில் கேட்டால் பதில் தருவார்கள். முதல் தடவை வீட்டில் ஒருவர் கூடப் போய் விட்டு வாருங்கள். சென்னைக்கு மொரப்பூரில் ரயில் ஏறலாம். பெங்களூரு நமக்குச் சென்னையை விடப் பக்கம்.

தமிழ் மீடியத்தில் படித்தவள், தாக்குப் பிடிப்பாளா? பாடம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். முதல் வாரம் சிரமமாகத்தான் இருக்கும். ஆனால் கணக்கில் பாதி மொழி குறியீடுதான், அது எல்லோருக்கும் ஒன்றுதான். பல மாநிலத்துப் பிள்ளைகள் வருவார்கள். அவர்களிலும் நம்மைப் போல் தாய்மொழியில் படித்து வந்தவர்கள் இருப்பார்கள்.

இதனால் என்ன லாபம்? உடனே வேலை கிடைக்காது. பொய் சொல்லக் கூடாது. ஆனால் எம்.எஸ்.சி.யை எந்த நிறுவனத்தில் படிப்பது, அதற்கு என்ன நுழைவுத் தேர்வு என்று அங்கே போனால்தான் தெரிகிறது. அதற்கு அப்புறம் பிஎச்.டி. என்று ஒரு வழி இருக்கிறது. தேசியத் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். பெறுபவர்களுக்கு மாத உதவித்தொகை 2023 ஜனவரி முதல் 37,000 ரூபாயாக உயர்ந்தது. படிக்கும்போதே அவ்வளவு வருகிறது. எல்லோருக்கும் கிடைக்காது, கடினமான பரீட்சை. ஆனால் அப்படி ஒரு வழி இருப்பதே தெரியாமல் நம்ம பிள்ளை நின்றுவிடக் கூடாது.

ஒரு கடிதமும் ஒரு தாயும்

ஈரோட்டில் 1887ல் பிறந்த ராமானுஜன் பெயரை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கல்லூரியில் கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தோற்றவர். மதராஸ் துறைமுகத்தில் கிளார்க்காக வேலை பார்த்தார். 1913 ஜனவரி 16ஆம் தேதி, முன்பின் பார்த்திராத இங்கிலாந்துப் பேராசிரியர் ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். தன்னைப் பற்றிச் சில வரிதான். மீதியெல்லாம் தான் கண்டுபிடித்த கணக்குகள். அதற்கு முன்னால் வேறு இரண்டு பேராசிரியர்களுக்கு எழுதியும் பலன் இல்லை. மூன்றாவது கதவுதான் திறந்தது. நாங்கள் மேலே சொன்ன இரண்டும் இதில் இருக்கிறது பாருங்கள்: செய்து பார்த்ததை எழுதணும், ஒரு கதவோடு நிறுத்தக் கூடாது.

ஹார்டி கூப்பிட்டார். ஆனால் கடல் தாண்டிப் போக வீட்டில் சம்மதமில்லை. அம்மா கோமளத்தம்மாள் தடுத்தார். பிறகு நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து "பிள்ளையைத் தடுக்காதே" என்று சொன்னதாக அந்த அம்மாவே சம்மதம் கொடுத்தார் என்று சொல்வார்கள். 1914 மார்ச்சில் ராமானுஜன் கப்பல் ஏறினார். கணக்கு அவர் போட்டது. போக விட்டது அவர் அம்மா.

அது ஆண் பிள்ளை கதை என்பீர்கள். பெண் பிள்ளையும் இருக்கிறார். பரிமளா, 1948ல் பிறந்தவர். சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் படித்து, மும்பை டாட்டா நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்து, பிறகு அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். உலகக் கணித மாநாடு 2010ல் முதல்முறையாக இந்தியாவில், ஹைதராபாதில் நடந்தபோது, முழு அவையின் முன்னால் பேச அழைக்கப்பட்ட சிலரில் அவரும் ஒருவர். நம் தமிழ்நாட்டுப் பெண்.

குழு என்ன செய்யலாம்?

நமக்குக் கணக்கு சொல்லித் தரத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. ஆனால் ஒரு குழுவால் செய்ய முடிந்தவை இருக்கின்றன.

1. ஒவ்வொரு குழுவும் தன் உறுப்பினர் வீடுகளில் யார் யார் பி.எஸ்.சி. படிக்கிறார்கள், எந்த வருஷம், எந்தப் பாடம் என்று ஆவணிக்குள் ஒரு பட்டியல் எடுக்கணும்.

2. நாலைந்து உறுப்பினர்களும் படிக்கிற பிள்ளைகளும் சேர்ந்து கல்லூரிக் கணிதத் துறைத் தலைவரை ஒரு தடவை பார்த்து, அறிவிப்பு வந்தால் சொல்லச் சொல்லிக் கேட்கணும். பேங்க் மேனேஜரைப் பார்த்த நமக்கு இது பெரிய காரியம் இல்லை.

3. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத பிள்ளை மனு போட, யார் வீட்டிலோ, எந்த மையத்திலோ அதற்கு வசதி என்று முன்பே பேசி வைக்கணும். கடைசி நாள் வரை இழுத்தால் சர்வர் வேலை செய்யாது.

4. தேர்வான பிள்ளைக்குப் பயணச் செலவுக்கு உள்கடன் கொடுக்கலாம் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதணும். மாட்டுக்குக் கொடுக்கிறோம், கல்யாணத்துக்குக் கொடுக்கிறோம். நாலு வாரப் படிப்புக்கும் கொடுக்கலாம். உதவித்தொகை வந்ததும் திருப்பிக் கட்டுவாள்.

5. போய் வந்த பிள்ளை அடுத்த கூட்டத்தில் வந்து, என்ன பார்த்தாள், என்ன சிரமப்பட்டாள் என்று எல்லோருக்கும் சொல்லணும். அடுத்து மனு போடுகிற இரண்டு பேருக்கு உதவணும். கடன் சுற்றி வருகிற மாதிரி தகவலும் சுற்றி வரணும்.

கடைசியாக ஒன்று. இதெல்லாம் செய்தும் அந்த வருஷம் எங்கேயும் இடம் கிடைக்காமல் போகலாம். அப்போது "நான் அப்பவே சொன்னேனே" என்று யாரும் பொண்ணை நோகடிக்க வேண்டாம். மனு போடுவதற்காகப் படித்தது வீண் போகாது. அதே கோடையில் என்.பி.டி.இ.எல். என்ற தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் கணித வகுப்புகளை வீட்டிலிருந்தே செல்போனில் இலவசமாகப் பார்க்கலாம். கார்த்திகை மறுபடியும் வரும். மாப்பிள்ளை பார்க்கிறதை அது வரைக்கும் தள்ளி வைத்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

இந்தப் பேச்சைக் கேட்ட ஒவ்வொருவரும் இன்றைக்கு ராத்திரி வீட்டில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பாப்பா, இந்தக் கோடைத் திட்டம் பற்றி உங்க காலேஜில் சொன்னாங்களா?" இல்லை என்று சொன்னால், இந்த இதழை அவள் கையில் கொடுங்கள்.